பெட்டி சொல்லும் வாட்ஸ், பேட்டரி தரும் வாட்ஸ்

கருகிய ஸ்பீக்கர் காயிலின் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கிணற்று மோட்டார் காயில் எரிந்த வீட்டுக்காரர்களுக்கு அது பழகிய வாடைதான். வார்னிஷும் பசையும் சேர்ந்து தீய்ந்த காட்டம். இலுப்பூரில் அக்கா வீட்டுத் திண்ணையில் அந்த வாடையோடு ஒரு ஜோடி ஸ்பீக்கர் கிடந்தது. அக்கா மகன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். விராலிமலை, பழனி, வேளாங்கண்ணி என்று வாரம் முழுக்கச் சவாரி. பாட்டு நின்றுபோனால் சவாரிக்காரர்கள் முகம் சுண்டிவிடுகிறது, அடுத்த முறை வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள் என்பது அவன் கவலை.

"மாமா, ஆறு மாசத்துல இது ரெண்டாவது ஜோடி. ஸ்பீக்கர் 220 வாட்ஸ். செட்டு வெறும் 50 வாட்ஸ்தான். எப்படி மாமா கருகும்? யானை மேல ஆட்டுக்குட்டி ஏறி உட்கார்ந்தா யானைக்கு முதுகு ஒடிஞ்சிருமா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாததால்தான் காருக்கும் வேனுக்கும் சுமை ஆட்டோவுக்கும் ஆசை ஆசையாகப் பாட்டு செட் வைக்கிறவர்கள், உழைத்த காசை மறுபடி மறுபடி ஸ்பீக்கரில் போட்டுக் கரியாக்குகிறார்கள். கடைக்காரர் அடுத்து 300 வாட்ஸ் போட்ட ஸ்பீக்கரை எடுத்து நீட்டுவார். அதுவும் கருகும். பிறகு 400. இந்த ஏணிக்கு மேல்படியே கிடையாது. ஆனால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. அதற்கும் செட்டுக்கும் பொருத்தம் பார்க்காததில் இருக்கிறது. அந்தப் பொருத்தம் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி போதும்.

செத்த ஸ்பீக்கரை முதலில் அறுத்துப் பார்த்தோம். பிளேடால் ஓரத்தைச் சுற்றிக் கீறி, கோனை மெல்லத் தூக்கினோம். கோன் காகிதத்தில் ஒரு கிழிசல் இல்லை. ஓரத்து ரப்பர் புதிதாகவே இருந்தது. ஆனால் அடியில் காந்தத்தின் இடுக்குக்குள் ஓடுகிற வாய்ஸ் காயில், பொன்னிறமாக இருக்க வேண்டிய செம்புக் கம்பி, அடிப்பிடித்த பால் சட்டி நிறத்தில் இருந்தது. சுற்றுகள் உருளையை விட்டுக் கழன்று துருத்திக்கொண்டிருந்தன. இதில் ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்பீக்கர் இரண்டு விதமாகச் சாகும். அளவுக்கு மீறி ஆடினால் கோனோ ஓரமோ கிழியும். காயில் அடித்தட்டில் இடித்து நசுங்கும். அளவுக்கு மீறிச் சுட்டால் காயில் கருகும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அவன் ஸ்பீக்கர் சூட்டில் செத்தது. அவ்வளவு சூட்டைக் கொடுத்தது அந்த 50 வாட்ஸ் செட்தான்.

ஃபியூஸ் சொன்ன உண்மை

அடுத்து டேஷ்போர்டிலிருந்து செட்டைக் கழற்றச் சொன்னேன். பின்பக்கம் ஒரு சின்ன ஃபியூஸ் சொருகியிருந்தது. அதன் மேல் 10 என்று போட்டிருந்தது. பத்து ஆம்பியர். செட் வந்த அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் '50 வாட்ஸ் × 4' என்று இருந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் நான்கு வாயிலுக்கும் சேர்த்து 200 வாட்ஸ்.

இன்ஜின் ஓடும்போது வண்டி பேட்டரியில் ஏறக்குறைய 14.4 வோல்ட் இருக்கும். அதை 10 ஆம்பியரால் பெருக்கினால் 144 வாட்ஸ். ஃபியூஸ் நிம்மதியாகத் தாங்கிக்கொண்டே இருக்கும் அளவு அவ்வளவுதான். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு செட்டின் முதுகில் இருக்கும் அலுமினியத் தகட்டில் சூடாகப் போய்விடும். மிச்சம் 80 வாட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்பீக்கருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 20.

அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? அதற்கும் கணக்கு இருக்கிறது. செட்டுக்குள் ஒலியைப் பெருக்குவது தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரே ஒரு ஐசி. அது பேட்டரியின் 14.4 வோல்ட்டுக்கு மேல் ஸ்பீக்கருக்குத் தள்ள முடியாது. கார் ஸ்பீக்கரின் தடை பெரும்பாலும் 4 ஓம்ஸ். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.84. இதுதான் பெட்டியின் 50. ஆனால் இந்த விடை வர, வெளியே வருவது பாட்டாக இருக்கக் கூடாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வெட்டி வெட்டிப் பாயும் சதுர அலையாக இருக்க வேண்டும். காதுக்கு அது கர்ண கடூரம். அதே வோல்ட்டேஜில் சுத்தமான, வளைந்து ஏறி வளைந்து இறங்கும் அலையைக் கொடுத்தால் விடை சரிபாதி, 26 வாட்ஸ். ஐசிக்குள்ளே இழப்பதைக் கழித்தால் 20 முதல் 22 வரை. டேஷ்போர்டு செட் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும், வெளி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அதிலிருந்து கிடைக்கும் சுத்தமான சத்தத்தின் எல்லை பெரும்பாலும் இதுதான். இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டால் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு வந்துவிடும். எல்லை இன்னும் கீழே இறங்கும்.

சுத்தமான, தொடர்ந்து தாங்கக்கூடிய இந்த அளவுக்குத்தான் ஆர்எம்எஸ் வாட்ஸ் என்று பெயர். பெட்டியில் பெரிதாக இருப்பது பீக் அல்லது மேக்ஸ். 1990களில் வீட்டு டேப்ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு இவற்றின் தாத்தாவைத் தெரியும். பி.எம்.பி.ஓ.! கையில் தூக்கிக்கொண்டு போகிற பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் ஒட்டியிருப்பார்கள். அவ்வளவு மின்சாரம் எந்தச் சுவர்ப் பிளக்கிலிருந்து வருகிறது என்று நாம் யாரும் கேட்கவில்லை. இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் அமெரிக்காவின் நுகர்வோர் மின்னணுச் சங்கம் 2003இல் சி.இ.ஏ. 2006 என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ட், 4 ஓம்ஸ், சத்தத்தில் சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நிலையில் அளந்த வாட்ஸை மட்டும் சொல்ல வேண்டும். விரும்புகிற கம்பெனிகள் மட்டும் பின்பற்றுகிற அளவுகோல் அது. பெட்டியின் ஓரத்தில் அந்தப் பெயர் இருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

ஸ்பீக்கர் பெட்டியும் இதே பாஷைதான் பேசுகிறது. மருமகன் வாங்கிய ஸ்பீக்கரின் 220 வாட்ஸ் என்பது கண நேரத்துக்கு வந்து போகிற உச்சம். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் 35 என்று இருந்தது. யானை என்று அவன் நினைத்தது கன்றுக்குட்டி. ஆட்டுக்குட்டியும் சும்மா இருக்கவில்லை.

தலை சீவிய குன்று

இனிதான் விஷயத்தின் மையம். 22 வாட்ஸ் செட் எப்படி 35 வாட்ஸ் ஸ்பீக்கரைக் கருக்கியது?

வால்யூமைத் திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் 'சவுண்டு உடையுது' என்போமே, அங்கேதான் நடந்தது. பாட்டின் அலைகள் குன்றுகள் மாதிரி. உயரமாக எழும், சரியும். பேட்டரியின் 14.4 வோல்ட் அதற்கு மேலே கூரை. கூரைக்கு மேல் எழ முடியாத அலையின் உச்சி தட்டையாக நறுக்கப்படும். நம் புதுக்கோட்டைப் பக்கம் கல்குவாரியில் தலை சீவப்பட்டு நிற்கும் குன்றைப் பார்த்திருப்பீர்களே, அதே வடிவம். கிளிப்பிங் என்று இதற்குப் பெயர்.

நறுக்கிய அலை இரண்டு தீங்கு செய்கிறது. ஒன்று, சூடு. பாட்டு என்பது உச்சமும் பள்ளமும். சராசரி எப்போதும் உச்சத்தைவிட மிகக் குறைவு. அந்த இடைவெளியில்தான் காயில் ஆறிக்கொள்கிறது. வால்யூமை முறுக்க முறுக்க உச்சிகள் கூரையில் நிற்க, பள்ளங்கள் தூர்ந்து சராசரி மேலே ஏறும். முழுக்கச் சதுரமாகிவிட்டால் அதே உச்சத்தில் இரண்டு மடங்கு வாட்ஸ். 22 வாட்ஸ் செட் 40ஐத் தாண்டி, இடைவெளியில்லாமல் ஊற்றும். ஸ்பீக்கருக்குள் போகிற மின்சாரத்தில் சத்தமாக மாறுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். மிச்சம் அத்தனையும் அந்தக் காயிலில் வெப்பம்தான். வேளாங்கண்ணி வரை நான்கு மணி நேரம் அப்படி ஓடினால் கம்பியின் வார்னிஷ் என்ன செய்யும்?

இரண்டாவது தீங்கு ட்வீட்டருக்கு. அலையின் உச்சி கூராக வெட்டுப்படும்போது பாட்டில் இல்லாத மேல் அலைவரிசைகள் முளைக்கின்றன. அவை நேராக ட்வீட்டருக்குப் போகும். கதவு ஸ்பீக்கரின் நடுவில் பொட்டுப் போல இருக்கும் ட்வீட்டரைப் பல வண்டிகளில் காப்பது ஒரே ஒரு சின்னக் கெப்பாசிட்டர்தான். அது தாழ்ந்த ஒலியைத் தடுக்கும். மேல் அலைவரிசையைத் தடுக்காது. முடி கனத்தில் இருக்கும் அதன் காயில்தான் முதலில் போகும். 'பாட்டு மந்தமா கேக்குது' என்று வண்டிக்காரர்கள் சொன்னால், ட்வீட்டர் எப்போதோ செத்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையையும் ஒதுக்கிவிட வேண்டும். 'சின்ன செட் போட்டால் ஸ்பீக்கர் போயிரும்' என்று சில மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். சின்ன செட்டால் போகாது. 100 வாட்ஸ் ஸ்பீக்கரை 5 வாட்ஸில் ஆயுசுக்கும் ஓட்டலாம். சின்ன செட்டைப் பெரிய செட் மாதிரி கத்த வைத்தால்தான் போகும். பேஸ் பட்டனுக்கும் இதே எச்சரிக்கை. பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த ஒலிக்கு மட்டும் 4 மடங்கு வாட்ஸ் கேட்கும். இருப்பதே 20 என்றால் 80க்கு எங்கே போகும்? அலையை நறுக்கத்தான் செய்யும்.

மைக் செட்காரருக்குத் தெரிந்தது

இலுப்பூர்ப் பக்கத்தில் இந்தப் பொருத்தக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்தவர்கள் மைக் செட்காரர்கள். காதணி விழா, கோயில் திருவிழா, தை பிறந்தால் தச்சங்குறிச்சியில் தொடங்கி ஊர் ஊராக நடக்கும் ஜல்லிக்கட்டு என்று வருஷம் முழுக்க ஒலிபெருக்கி கட்டுகிற மாவட்டம் இது. என் சின்ன வயதில் எங்கள் தெருத் திருவிழாவுக்குக் குழாய் கட்ட வரும் அண்ணன் ஒருவர், ஏணியில் ஏறும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிக் கழிப்பார். அவருக்கு இப்போது எழுபது வயதை நெருங்குகிறது. மருமகனின் வேனை அவரிடம்தான் கொண்டுபோனோம்.

அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய அஹுஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்று துணி போர்த்தி இருந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். ஸ்பீக்கர் ஒயர் முடுக்கும் திருகுகளின் மேல் 4 ஓம்ஸ், 8 ஓம்ஸ், 16 ஓம்ஸ், 70 வோல்ட், 100 வோல்ட் என்று தனித்தனியாகக் குறித்திருந்தது.

"பாருப்பா தம்பி, இதுல எழுதியிருக்கறத மதிக்கலன்னா ராத்திரி திருவிழா பாதியில நிக்கும். நூறு வோல்ட் லைன்ல கட்டுனா, எல்லாக் குழாயோட வாட்ஸையும் கூட்டுவோம். கூட்டுனது ஆம்ப்ளிஃபயர் வாட்ஸ தாண்டக் கூடாது. அவ்வளவுதான் தொழிலு."

"கார்ல யாரும் இப்படிப் பாக்கறதில்லையேண்ணே" என்றேன்.

"கார்ல ஸ்டிக்கரப் பாக்குறாங்க. குழாய்ல ஸ்டிக்கர் கிடையாது, அதனால கணக்குப் பாத்தோம்" என்றார்.

அவர் சொன்னதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பொருத்தம் பார்ப்பது இந்த மண்ணுக்கு மிகப் பழைய பழக்கம். இலுப்பூர் வட்டத்தில் இருக்கும் குடுமியான்மலைக்குப் போயிருக்கிறீர்களா? சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பண்களுக்கான சுர அடுக்குகளைப் பல்லவக் கிரந்த எழுத்தில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். இறுதியில் தமிழில் ஒரு குறிப்பு, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற பொருளில். எட்டு நரம்பு யாழ், ஏழு நரம்பு யாழ் இரண்டையும் அது சுட்டுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இசையை எழுதியதோடு நில்லாமல், எந்தக் கருவிக்கு அது பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பாறையில் வெட்டிய ஊர்ப்பக்கம் நம்முடையது. அந்த வழியாக ஓடும் வண்டிகளில் பொருத்தமில்லாத ஸ்பீக்கர் கருகுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

மீட்டர் வைத்து ஒரு மாலை

அண்ணன் இரண்டு வழி சொன்னார். அதிகச் செலவு வேண்டாம் என்றால், இருக்கிற செட்டோடு சத்தம் நன்றாக வரும் ஸ்பீக்கரைப் போடு. சத்தம் கூடுதலாக வேண்டும் என்றால் தனி ஆம்ப்ளிஃபயர் வை.

முதல் வழியில் பார்க்க வேண்டியது வாட்ஸ் இல்லை, சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதுதான் அது. கடையில் ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. இந்த வழிக்கு இதைவிட முக்கியமான எண் பெட்டியில் இல்லை. 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தம், 92 டெசிபல் ஸ்பீக்கரில் 20 வாட்ஸிலேயே வந்துவிடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு. காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற 10 டெசிபல் ஏற வேண்டும். அதாவது 10 மடங்கு வாட்ஸ். 50ஐ 60 ஆக்கினேன் என்று யாராவது சொன்னால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. சென்சிடிவிட்டியிலும் ஒரு கண்கட்டு உண்டு. சில கம்பெனிகள் 1 வாட் என்று போடாமல் 2.83 வோல்ட் என்று போடும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் அது 1 வாட். நம் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் 2 வாட்ஸ். அப்படிப் போட்டிருந்தால் 3 டெசிபலைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

மருமகன் இரண்டாவது வழியைக் கேட்டான். வேன் பெரிது, சவாரிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். தனி ஆம்ப்ளிஃபயர் ஏன் கூடுதலாகத் தருகிறது? அதற்குள்ளே பேட்டரி வோல்ட்டேஜை உயர்த்திக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. கூரையே உயர்கிறது. இது ரொம்பப் பழைய யுக்தி. 1930இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் காருக்கென்று ரேடியோ செய்து, மோட்டாரோடு ஓலா சேர்த்து மோட்டோரோலா என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கிய அந்தக் காலத்திலும் பேட்டரி வோல்ட்டேஜ் வால்வுகளுக்குப் போதவில்லை. சில வருஷங்களிலேயே வைப்ரேட்டர் என்ற துடிக்கும் கருவியை வைத்து வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டார்கள். இன்று அந்த வேலையைச் சத்தமில்லாமல் டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன.

ஆர்எம்எஸ் 50 வாட்ஸ் × 4 ஆம்ப்ளிஃபயரும், ஆர்எம்எஸ் 50 வாட்ஸ் ஸ்பீக்கர் நான்கும் வாங்கினோம். ஆர்எம்எஸ்ஸை ஆர்எம்எஸ்ஸோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்பதே முதல் விதி. ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ்ஸுக்குச் சமமாகவோ கால்வாசி கூடுதலாகவோ இருந்தால் நல்லது என்பது என் தீர்ப்பு. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அலை நறுக்குப்படாமல் எழ இடம் கிடைக்கும். இரண்டு மடங்கு வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வால்யூம் திருகும் கைக்கு நிதானம் இருந்தால் சரி. சவாரி வண்டியில் அந்தக் கை யாருடையது என்று சொல்ல முடியாது.

அன்று மாலை அண்ணன் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை எல்லோரும் வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுகிறார்கள். செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவை ஆம்ப்ளிஃபயரோடு பொருத்தும் திருகு அது. ஸ்பீக்கர் ஒயர்களை எல்லாம் கழற்றினார். செட்டில் பேஸ், டிரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். 1000 ஹெர்ட்ஸ் ஒரே சீரான ஒலியைப் பென் டிரைவில் போட்டு ஓடவிட்டார். வால்யூம் முக்கால்வாசி. ஸ்பீக்கர் ஒயர் முடுக்கும் இடத்தில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பிடித்தார்.

"தம்பி, அம்பது வாட்ஸ நாலு ஓம்ஸால பெருக்கு."

"இருநூறுண்ணே."

"அதுக்கு வர்க்கமூலம்?"

மருமகன் செல்போனைத் தடவினான். 14.1.

"மீட்டர்ல பதினாலு வர்ற வரைக்கும் திருகு. அதுக்கு மேல ஒரு முடி கூடப் போவாத."

கெயின் திருகு பாதியைக்கூட எட்டவில்லை. மீட்டர் 14ஐத் தொட்டது. பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, மேலே டேப் ஒட்டினார். அவ்வளவுதான். இதற்குமேல், பேஸை ஏற்றாத வரை, அந்த செட்டில் முக்கால் வால்யூம் வரை யார் வைத்தாலும் பாட்டு உடையாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸைக் கதவு ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் எச்.பி.எஃப். பட்டனையும் போட்டுவிட்டார். ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்துக்குக் கோன் 4 மடங்கு ஆட வேண்டும். ஆறு அங்குல ஸ்பீக்கரைப் பறை மாதிரி அடிக்க வைத்தால் கிழியத்தான் செய்யும். பேஸ் வேண்டுமென்றால் அதற்கென்று சப் வூஃபர் இருக்கிறது.

ஓம்ஸைக் குறைத்தால்...

வாட்ஸுக்கு அடுத்து ஓம்ஸ். சுமை ஆட்டோக்களில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு ஒன்று. செட்டில் நான்கு வாயில்தான். ஸ்பீக்கர் எட்டு வேண்டும். ஒரே வாயிலில் இரண்டு ஸ்பீக்கரை பேரலலில் கட்டிவிடுவார்கள். 4 ஓம்ஸும் 4 ஓம்ஸும் பேரலலில் 2 ஓம்ஸ். மின்னோட்டம் இரட்டிப்பாகும். சத்தம் கூடியது போல இருக்கும். உள்ளே ஐசி தோசைக்கல்லாகும். 2 ஓம்ஸ் தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருந்தாலொழிய அப்படிக் கட்டக் கூடாது. வீட்டு ஹோம் தியேட்டரின் 8 ஓம்ஸ் ஸ்பீக்கரைக் காரில் மாட்டினால் ஆபத்தில்லை, ஆனால் வாட்ஸ் பாதியாகிவிடும். மீட்டர் வைத்துப் பார்த்து '4 ஓம்ஸ் என்று சொன்னாங்க, 3.4தான் காட்டுது' என்று பயப்பட வேண்டாம். கம்பியின் தடை எப்போதும் எழுதியதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும்.

ஒயர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. 200 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் முழு மூச்சில் ஓடினால் பேட்டரியிலிருந்து 24 ஆம்பியர் வரை இழுக்கும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரைச் செம்பு ஒயர் என்று விற்கிறார்கள். ஓரத்தைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை இல்லை, வண்டியையும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களையும். வழியில் எங்காவது ஒயர் உரசித் தகட்டில் பட்டால், ஃபியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகு பொறுப்பும் கூடுகிறது. உடையாத சத்தம் காதுக்கு உறுத்தாது. அதனால் எவ்வளவு சத்தம் என்பதே தெரியாது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்கிறது அமெரிக்கத் தொழில் நலத்துறை ஆய்வு நிறுவனமான நியோஷ். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் 100 டெசிபல் என்பது 50 வாட்ஸ் ஸ்பீக்கருக்குச் சாதாரணம். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கும் நம் பிள்ளைகளின் காதுதான் அதற்கு விலை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சவாரி முடிந்து தெருவுக்குள் நுழையும்போது பாட்டை நிறுத்திவிடு என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வந்தால் அதன் சைரன் உனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பகலிலும் பாட்டு என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டான்.

வேன் இப்போது விராலிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நான்கு ஸ்பீக்கரும் மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. பென்சில் கோட்டின் மேல் ஒட்டிய டேப் இன்னும் பிரியவில்லை.

புது செட் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆர்எம்எஸ் எவ்வளவு? எத்தனை ஓம்ஸ்? இரண்டுக்கும் பதில் சொல்லாத பெட்டியை, மேலே எத்தனை நூறு வாட்ஸ் அச்சிட்டிருந்தாலும், வாங்காதீர்கள்.